ஆஸ்பத்திரியில் மரம் எதற்கு, பெஞ்ச் எதற்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மூன்று ஆஸ்பத்திரிகளில் மாறி மாறி இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது நாங்கள் ஐந்தாறு பேர், கூப்பிடுகிற ஆஸ்பத்திரிகளுக்குப் போய், வளாகத்தில் என்ன மரம் வைக்கலாம், இருக்கிற மரத்தடியை எப்படி உட்காரும்படி ஆக்கலாம் என்று சொல்கிறோம், தேவைப்பட்டால் மண்வெட்டியும் பிடிக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிப் போடுகிறேன்.

மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோய் குணமாகுமா சிஸ்டர்?

ஆகாது. புற்றுநோய்க்கு அதற்கான சிகிச்சை, டி.பி.க்கு மாத்திரை, ஒடிந்த எலும்புக்குக் கட்டு. அதில் பேச்சே இல்லை. மரம் செய்வது வேறு வேலை. பயம், சலிப்பு, தூக்கம் வராத ராத்திரி, வலியைப் பொறுக்கிற தெம்பு, இதிலெல்லாம் கொஞ்சம் கை கொடுக்கும். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கொஞ்சம் எவ்வளவு பெரிசு என்று.

யாராவது "மரத்தடியில் உட்காருங்கள், சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று சொன்னால் அவரை அந்த மரத்தடியிலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போங்கள்.

ஆதாரம் இருக்கிறதா, சும்மா நல்லெண்ணமா?

இருக்கிறது. எல்லோரும் சுட்டிக்காட்டுகிற ஒன்று 1984இல் வந்தது. ரோஜர் உல்ரிச் என்பவர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். எல்லோரும் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்கள். ஒரே மாதிரி அறைகள்தான், ஆனால் சில ஜன்னல்களுக்கு வெளியே மரங்கள், சிலவற்றுக்கு வெளியே பழுப்பு நிறச் செங்கல் சுவர். வயது, ஆண் பெண், புகைப்பழக்கம் எல்லாம் ஒத்துப்போகிற மாதிரி 23 ஜோடி, ஆக 46 பேரை எடுத்து ஒப்பிட்டார். மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள், சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. மரம் தெரிந்தவர்கள் கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: நர்ஸ்கள் எழுதி வைத்த குறிப்புகளில் "அழுகிறார்", "மனம் தளர்ந்திருக்கிறார்" என்கிற மாதிரி வரிகள் சுவர்ப் பக்கத்து ஆட்களுக்கே அதிகம். ராத்திரி ட்யூட்டியில் தூக்கக் கலக்கத்தோடு நாம் எழுதுகிற அந்த இரண்டு வரியை, பின்னாளில் ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்!

சரி, இதில் குறையும் உண்டு. வெறும் 46 பேர், ஒரே ஆஸ்பத்திரி, பழைய பதிவேடு. இப்போது பித்தப்பையைச் சின்னத் துளை போட்டு எடுத்து ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே அந்த நாள் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வேறு இடங்களில் பார்த்தவர்களுக்கும் போக்கு அதே பக்கம்தான் தெரிந்தது. கனடாவில் கடுமையான மனச்சோர்வுக்குச் சேர்ந்தவர்களை வைத்து 1996இல் ஓர் ஆய்வு வெளியானது. வெயில் வருகிற அறையில் இருந்தவர்கள் சராசரி 16.9 நாளில் போனார்கள், வெளிச்சம் குறைந்த அறையில் இருந்தவர்கள் 19.5 நாள் இருந்தார்கள். சூரிய வெளிச்சத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். உல்ரிச் சொல்வது, பச்சையைப் பார்த்ததும் உடம்பின் பதற்றம் தானாக இறங்குகிறது, நெஞ்சுத் துடிப்பும் தசை இறுக்கமும் தணிகின்றன. கப்லான் என்ற உளவியலாளர் தம்பதி சொல்வது வேறு: ஆஸ்பத்திரியில் மனசு எந்நேரமும் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது (டிரிப்ஸ் தீர்ந்ததா, ரிப்போர்ட் வந்ததா, டாக்டர் என்ன சொன்னார்), இலை அசைவதைப் பார்க்க அந்தப் பிடிப்பு தேவையில்லை, கண் தானாகப் போய் நிற்கும், அந்த நேரத்தில் மனசு இளைப்பாறிக்கொள்ளும். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1859இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியர் வேலை பற்றி எழுதியபோதே காற்று, வெளிச்சம், நோயாளியின் கண்ணில் படும் பூவின் நிறம் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார். டி.பி.க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் மாதிரி இடங்களில் திறந்த காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். மருந்து வந்ததும் காற்றை மறந்தோம். இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கலாம்.

நம்ம மாவட்டமே பச்சைதானே, ஆஸ்பத்திரிக்குள் தனியாக எதற்கு?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஊர்ப் பெயரில் பாதி "விளை" என்று முடிகிற மாவட்டம் இது, விளை என்றால் தோப்பு. இரண்டு மழைக்காலமும் நமக்கு உண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்கும் கிடைக்கிறது, அக்டோபரில் வரும் வடகிழக்கும் கிடைக்கிறது. குச்சியை ஊன்றினால் தளிர்த்துவிடும். அதனாலேயே நமக்கு அது பெரிசாகத் தெரிவதில்லை, ஆஸ்பத்திரி கட்டும்போது முதல் வேலையாக இருக்கிற தென்னையையும் பலாவையும் சாய்த்து, மிச்ச இடத்தில் இன்டர்லாக் கல் பதித்து, கார் நிறுத்த விட்டுவிடுகிறோம்.

அருமனைப் பக்கத்திலிருந்தோ பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்தோ ஒரு பாட்டி வந்து சேர்கிறார் என்று வையுங்கள். எழுபது வருஷம் காலையில் கதவைத் திறந்தால் வாழையும் மிளகுக் கொடியும் தெரிந்த கண் அது. அவரைக் கொண்டுபோய் டியூப் லைட்டுக்கு அடியில், நீலத் திரைச்சீலைக்கு நடுவில் படுக்கப் போட்டால், இரண்டாம் நாளே "என்னை வீட்டுல கொண்டு விடுங்கோ" என்று தொடங்குவார். அதைப் பிடிவாதம் என்று எழுதி வைப்போம். நானும் எழுதியிருக்கிறேன்.

பணமே இல்லை. எதிலிருந்து தொடங்க?

கட்டிலிலிருந்து. என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒடிந்து ஆபரேஷன் ஆனபோது கிடைத்த கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிந்தது அடுத்த கட்டடத்துச் சுவரும் ஏ.சி. யூனிட்டும்தான். அதே அறையில் எதிர்ப்பக்கக் கட்டில் காலியானதும் மாற்றச் சொன்னேன். "எல்லாக் கட்டிலும் ஒன்றுதானே" என்றார்கள், நான் விடவில்லை. அந்தப் பக்கம் ஓர் அயினி மரம், பலா இனம். அம்மா அன்றைக்கே அணில் எண்ணத் தொடங்கிவிட்டார், அயினிச் சக்கை இப்படி வீணாக விழுகிறதே, பொறுக்க ஆளில்லையா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகார். வலி இருந்தது. ஆனால் வலியைத் தவிர பேச அவருக்கு இன்னொரு விஷயம் கிடைத்தது. இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன், அது என் அம்மா, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் ஜன்னலைத் துடையுங்கள். பாதி வார்டுகளில் ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்கும், உள்ளே கீழ்ப்பாதிக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருக்கும், அல்லது உடைந்த டிரிப்ஸ் ஸ்டாண்டையெல்லாம் அங்கேதான் சாத்தி வைத்திருப்பார்கள். கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் தலையைத் தூக்காமலே வெளியே தெரியுமா என்று நீங்களே படுத்துப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் இது புரியாது. அப்புறம் மரத்தடியில் ஒரு பெஞ்ச். இரண்டு மரத்துக்கு நடுவில் புல் வளர்த்து, கம்பி கட்டி, "புல்லில் நடக்காதீர்" என்று போர்டு வைப்பதற்கு ஆகும் செலவில் நாலு பெஞ்ச் போடலாம்.

எந்த மரம் வைக்கலாம்? பட்டியல் தாருங்கள்.

பட்டியலுக்கு முன்னால் ஒக்கிப் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று அந்தக் காற்று ரப்பரையும் வாழையையும் தென்னையையும் எப்படிப் போட்டது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் விழுகிற மரம் ஆம்புலன்ஸ் வழியை அடைக்கும், கரண்ட் லைனை அறுக்கும், சரியாகத் தேவைப்படுகிற நாளில். அதனால் காற்றுக்கு நிற்கிற மரமா என்பதுதான் முதல் கேள்வி, அழகு பிறகு.

கடற்கரைப் பக்கம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு புன்னை சொல்வேன். உப்புக்காற்றைத் தாங்கும், அடர்த்தியான நிழல், பூவுக்கு லேசான மணம். உள்பக்கம் புங்கை, வேம்பு, மகிழம். மகிழம் மெதுவாகத்தான் வளரும், நட்டவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். பூவரசு நிழலுக்கு நல்லது, ஆனால் கம்பளிப்பூச்சி வருகிற சீசனில் பெஞ்சைத் தள்ளிப் போடுங்கள். முருங்கையும் அதே கதை, போதாததற்குக் கிளை பொசுக்கென்று ஒடியும். குல்மொகர் பூக்கும்போது கண்ணைப் பறிக்கும், ஆனால் வேர் மேலாக ஓடும், காற்றுக்குச் சாயும். ஏழிலைப்பாலை பூக்கிற மாதங்களில் ராத்திரி அடிக்கிற மணம் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு ஆகாது, நெஞ்சுநோய் வார்டு பக்கம் வேண்டாம். கோனோகார்பஸ் என்று சடசடவென்று வளர்கிற ஒன்றை நர்சரிக்காரர்கள் தள்ளிவிடப் பார்ப்பார்கள், குஜராத்தில் 2023இல் தடையே போட்டார்கள், வாங்காதீர்கள். அரளி, தங்க அரளி, ஒதளம் மூன்றும் விஷம். குழந்தைகள் வரும் இடத்திலும் மனநல வார்டு பக்கத்திலும் இவை இருக்கவே கூடாது.

தென்னை? வளாகத்தில் இருந்தால் வெட்ட வேண்டாம், ஆனால் அதன் கீழே பெஞ்ச் போடுகிறவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அவருக்கு என்ன சொல்வது. பலாவும் அப்படித்தான். தூரத்தில் நிற்கட்டும், பார்க்க நன்றாக இருக்கும்.

மூலிகைத் தோட்டம் போடலாமா?

போடலாம், எங்களுக்கு ஆசைதான், மருந்துவாழ் மலை இருக்கிற மாவட்டத்தில் அது இயல்பாகவே வரும். கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இங்கேயே இருக்கிறது, விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுச் செய்யலாம். ஒரே எச்சரிக்கை: மூலிகை என்று போர்டு வைத்த உடனே ஆட்கள் பறித்துக் கஷாயம் போடத் தொடங்குவார்கள். கிட்னி சரியில்லாதவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இவர்கள் தாமாக எதையாவது இடித்துக் குடித்தால் ஆபத்து. "பார்க்க, முகர, பறிக்காமல்" என்று எழுதிப் போடுங்கள். துளசி, ஆடாதோடை, கற்பூரவல்லி, வெட்டிவேர் போதும். கற்பூரவல்லி இலையைத் தொட்டாலே விரலில் மணம் ஒட்டும், கண் தெரியாத ஒரு தாத்தா தினம் அந்தத் தொட்டிக்குத்தான் வருவார்.

தோவாளைச் சந்தையில் பூ வாங்கிக்கொண்டு வார்டுக்குள் போகலாமா?

சாதாரண வார்டில் தப்பில்லை. ஐ.சி.யூ., தீக்காயப் பிரிவு, ரத்தப் புற்றுநோய், கீமோவில் வெள்ளணு இறங்கியவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள், இவர்கள் பக்கத்தில் பூவும் கூடாது, தொட்டிச் செடியும் கூடாது. தொட்டி மண்ணில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கும், எதிர்ப்புச் சக்தி இல்லாத நுரையீரலில் அது புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பூ ஜாடித் தண்ணீரிலும் கிருமி பெருகும். அவர்களுக்குப் பச்சை வேண்டுமென்றால் மூடிய கண்ணாடிக்கு வெளியே வையுங்கள்.

ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே செய்ய முடியாதா?

பகல் வெளிச்சம். ஐ.சி.யூ.வில் எந்நேரமும் ஒரே விளக்கு, வயதானவர்களுக்குப் பகலா இரவா என்று குழம்பிப் போகும், குழாயைப் பிடுங்குவார்கள், செத்துப்போன அண்ணனைக் கூப்பிடுவார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதென்று வீட்டார் அழுவார்கள். அது பைத்தியம் இல்லை, டெலிரியம், பெரும்பாலும் தெளிந்துவிடும். காரணம் பல, ஆனால் பகலில் ஜன்னல் வெளிச்சம், ராத்திரி இருட்டு, நல்ல தூக்கம், மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் உதவும். இங்கிலாந்தில் சில இடங்களில் வென்டிலேட்டரோடு கட்டிலை உருட்டித் தோட்டத்துக்கே கொண்டுபோகிறார்கள். நம்மிடம் அதற்கு ஆளில்லை, திரையை விலக்கவாவது ஆள் இருக்கிறதே.

கொசு வரும், பாம்பு வரும் என்கிறார்களே?

வரும், பராமரிக்காவிட்டால். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்: தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு, தூக்கிப் போட்ட சிரட்டை, ரப்பர்ப் பால் கப், மொட்டைமாடியில் கிடக்கும் பழைய பெட்பேன். வாரம் ஒரு தடவை எல்லாவற்றையும் கவிழ்த்தால் பெரும்பாலும் தீர்ந்தது. பாம்பு எலிக்காக வருகிறது, எலி சாப்பாட்டுப் பொட்டலத்துக்காக வருகிறது. மூடியுள்ள குப்பைத் தொட்டி வாங்குங்கள். நடைபாதை ஓரம் புதர் வேண்டாம், ராத்திரிக்கு ஒரு விளக்கு. உண்மையில் நம்மூரில் இதைவிட ஆபத்தானது பாசி. ஜூனில் மழை பிடித்தால் தரை வழுக்கி, கால் சரியாகி வீட்டுக்குப் போகிறவர் வாசலிலேயே இன்னொரு காலை ஒடித்துக்கொள்வார். சொரசொரப்பான தரை, கைப்பிடி, முடிந்தால் மேலே கூரை. வீல்சேர் சரிவு என்றால் ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம், அதற்குக் குறைத்தால் தள்ளுகிறவர் திணறுவார்.

வார்டுச் சுவரில் கடல் படம் ஒட்டலாமா? டி.வி.யில் காடு போடலாமா?

டி.வி.: ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, சத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

கடல் படம்: இங்கே யோசிக்க வேண்டும். வெளியூர் இன்டீரியர்க்காரர் வந்து, கன்னியாகுமரி என்றால் கடல் என்று ஆள் உயரத்துக்கு அலைப் படம் ஒட்டிவிடுவார். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆட்கள் 2004 சுனாமியைப் பார்த்தவர்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஒக்கியில் ஆளைக் கடலுக்குக் கொடுத்த வீடுகள் உண்டு, சில வீடுகளில் அடக்கம் செய்ய உடல்கூட வரவில்லை. பிரசவ வார்டில் அப்படி ஒரு படத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இயற்கை என்றாலே எல்லோருக்கும் ஆறுதல் என்று நினைத்துவிடக் கூடாது, ஒட்டுவதற்கு முன்னால் அந்த வார்டில் படுக்கிறவர்களைக் கேளுங்கள். என்னைக் கேட்டால் குளமும் தாமரையும், வயலும், பின்னால் மலையும். யாருக்கும் பகையில்லாத காட்சி.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை, தோட்டத்து இளவெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. அளவு பார்த்து, தேவையென்றால் டாக்டர் சொல்கிற விளக்குச் சிகிச்சைதான்.

தோட்டம் நோயாளிக்குத்தானே, கூட வந்தவர்கள் படுத்துத் தூங்குகிறார்களே?

தூங்கட்டுமே! கூட வந்தவர்தான் மூன்று ராத்திரி கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடந்தவர், மருந்துக்கும் ஸ்கேனுக்கும் ஓடினவர், மோசமான செய்தியை முதலில் கேட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியவர். அந்த முகம் துடைக்கிற இடம் இப்போது எங்கே இருக்கிறது? படிக்கட்டு மூலை, இல்லையென்றால் டாய்லெட். ஒரு மரத்தடி இருந்தால் அங்கே அழலாம், போனில் தம்பியிடம் பணம் கேட்கலாம், யாரும் பார்க்காமல் ஒரு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடலாம்.

நர்ஸ்களுக்கும் வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நோயாளி இறந்த பிறகு அடுத்த கட்டிலுக்குப் போவதற்கு நடுவில் எனக்குக் கிடைத்த இடைவெளி, கை கழுவுகிற நேரம்தான். ஊழியர்களுக்கென்று பின்பக்கம் தனியாக இரண்டு நாற்காலி, நோயாளி வீட்டார் வந்து "சிஸ்டர், ரிசல்ட் வந்தாச்சா" என்று கேட்க முடியாத இடத்தில். இது சுயநலம் என்றால் இருக்கட்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நிற்கிற மரத்தை வெட்டப் போகிறார்கள். என்ன செய்ய?

அரசு இடமென்றால் நினைத்த உடனே வெட்ட முடியாது, மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சண்டையாகத் தொடங்காதீர்கள். அநேகமாகக் கிளை கரண்ட் கம்பியில் படுவதுதான் பிரச்சினையாக இருக்கும், கிளையை மட்டும் கழித்தால் போதும். நிர்வாகத்திடம் பேச இன்னொரு பிடி உண்டு: ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய காயகல்ப் விருதுக்கான மதிப்பெண்ணில் தோட்டப் பராமரிப்புக்கும் பங்கு இருக்கிறது. மரத்தின் அருமையைச் சொன்னால் கேட்காதவரும் மார்க் என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார். தனியார் இடம் என்றால் உரிமையாளரிடம் பேசுவதுதான் வழி, டாக்டரின் அம்மாவைப் பிடித்தால் சீக்கிரம் நடக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

பெஞ்சை எங்கே, எப்படிப் போடுவது?

வளாகத்திலேயே நல்ல நிழல் எங்கே என்று பார்த்தால் முக்கால்வாசி இடங்களில் பிணவறைப் பக்கம்தான் இருக்கும், யாரும் போகாததால் அங்கே மட்டும் மரத்தை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அங்கே போடாதீர்கள், காலியாகவே கிடக்கும். வார்டிலிருந்து மெதுவாக நடந்து ஐந்து நிமிஷத்துக்குள், நர்ஸ் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். "பேரைக் கூப்பிட்டால் தெரியாமல் போய்விடுமோ" என்ற பயத்திலேயே பலரும் வராந்தாவை விட்டு நகர்வதில்லை. முதுகு சாய இடம், எழும்போது ஊன்றக் கைப்பிடி, உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். கிரானைட் போட்டால் மத்தியானம் சுடும், மரப்பலகையே நல்லது. பக்கத்தில் ஒரு வீல்சேர் நிற்க இடம் விடுங்கள். பெஞ்சின் முதுகுப்பக்கம் சுவரோ புதர்வேலியோ இருக்கட்டும், முன்னால் கேட் தெரியட்டும். வீட்டிலிருந்து தூக்குவாளியோடு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்காரத்தான் ஆட்களுக்குப் பிடிக்கிறது.